ஆடி மாதத்துப் படத்தொகுப்பு

நான் கண்ட முதல் படத்தொகுப்பாளர் எங்கள் ஊர் ஜெனரேற்றர்காரர். 1990 ஜூனில் குடாநாட்டில் கரண்ட் நின்றுபோன பிறகு, யாருக்காவது காசும் துணிவும் ஒன்றாகக் கூடிவருகிற இரவுகளில், வாடகைக்கு எடுத்த ரீவியும் டெக்கும் மாமரத்தின் கீழ் மேசையேற, வேலிக்கு அப்பால் அவருடைய இயந்திரம் நாலு சொட்டுப் பெற்றோலை மணந்து பார்த்து, முனகி, இருமி, கடைசியில் மண்ணெண்ணெய்க்கு மனம் இரங்கி ஓடத் தொடங்கும். பொருளாதாரத் தடையில் அகப்பட்ட மண்ணெண்ணெயை அவர் எங்கே பிடித்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. படம் பாதி தாண்டியதும் கானைத் தூக்கி ஆட்டி, காதருகே வைத்துக் கேட்பார். அதன் பிறகுதான் அவருடைய தொகுப்பு வேலை ஆரம்பமாகும். பாட்டு வந்தால் ஓட்டித் தள்ளுவார். அம்மாமார் அழுகிற காட்சியில் முதல் இரண்டு துளிக்கு மட்டும் அனுமதி. சண்டையில் கைவைக்க மாட்டார், கைவைத்தால் அடுத்த மாதம் வேறு ஜெனரேற்றரைப் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘தளபதி’யை நான் அப்படித்தான் பார்த்தேன். பல வருடங்கள் கழித்து அதை முழுதாகப் பார்க்கக் கிடைத்தபோது, இறுக்கமாக ஓடிக்கொண்டிருந்த படத்துக்குள் இத்தனை பாட்டை யார் கொண்டுவந்து செருகினார்கள் என்று ஒரு கணம் கோபமே வந்தது. இளையராஜா என்னை மன்னிக்க வேண்டும். மண்ணெண்ணெய் விலை அப்படி.

அந்த நாட்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதையை எழுதிவிட்டார்கள்; நீங்களும் சுற்றியிருப்பீர்கள், உங்களுக்கும் தோள் வலித்திருக்கும், ஆகவே விடுகிறேன். 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரோடு தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் மாமரம் நின்றது, மேசை இல்லை. ஜெனரேற்றர்காரரும் திரும்பி வரவில்லை. எங்கேயோ நல்லாக இருக்கிறார் என்று சொன்னார்கள், அப்படியே வைத்துக்கொள்வோம்.

நான் உயர்தரம் படித்தது சமாதான காலத்தில். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததும் அதுவரை கதையில் மட்டும் கேட்ட சாமான்களெல்லாம் லொறியில் வந்து இறங்கின. அவற்றோடு வெளிநாட்டு மாமாக்களும் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் திரைப்படக் கழகம் ஒன்று தொடங்கினோம். தலைவர், செயலாளர், பொருளாளர், முத்திரை, கூட்டக் குறிப்புக் கொப்பி எல்லாம் இருந்தன. கமெரா மட்டும் இல்லை. சித்திரப் பாட மாஸ்ரர் அதற்கும் வழி சொன்னார். பழைய கொப்பி மட்டையில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, அதை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவரச் சொன்னார். மூன்று மாதம் சுற்றினோம். கிடுகு வேலி, படலை, தட்டிவான், கோயில் தேர்முட்டி என்று யாழ்ப்பாணத்தையே மட்டைக்குள் அடக்கி, பிறகு கொப்பியில் கட்டம் கட்டமாகக் கீறி, எதற்குப் பின் எது வரவேண்டும் என்று சண்டை பிடித்தோம். வீட்டில், பெடியனுக்கு ஒரு கண்ணில் பார்வைக் குறை வந்துவிட்டதோ என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்கள்.

பின்னாளில் படித்தேன்: ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, 1919 இல் மொஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது அங்கே படச்சுருளுக்குப் பெரும் தட்டுப்பாடாம். ஆசிரியர் குலெஷோவ் மாணவர்களை மேடையில் நடிக்கவைத்து, ஒரு ஷொட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதுபோலக் காட்சிகளைச் சடார் சடாரென்று மாற்றி, சுருள் இல்லாமலே படங்கள் ‘எடுத்திருக்கிறார்’. அந்த வகுப்பிலிருந்து புடோவ்கின் வந்தார். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு கணக்காளர்களும் ஒரு பல் வைத்தியரும் நானும் வந்தோம். ஆகவே தட்டுப்பாடு கலைஞனை உருவாக்கும் என்று யாராவது மேடையில் பேசினால் நான் கை தட்டுவதில்லை.

கமெரா கனடாவிலிருந்து வந்தது. பழைய மாணவர் ஒருவர் மினி டி.வி. கசெற் போடுகிற கைக்கமெராவைப் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒரு கசெற்றில் அறுபது நிமிடம். அவர் கொடுத்தது என்.ரி.எஸ்.சி. முறைக் கமெரா, செக்கனுக்கு ஏறக்குறைய 30 பிரேம் எடுப்பது. இலங்கையில் நடப்பது பால் முறை, செக்கனுக்கு 25 பிரேம். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. ‘இதில பால் இல்லையாம்’ என்று யாரோ சொன்னபோதும், பிளேன்ரீயிலேயே வளர்ந்த எங்களுக்கு அது ஒரு பெரிய குறையாகப் படவில்லை.

படத்துக்குப் பெயர் ‘காத்திருப்பு’. சிரிக்காதீர்கள், நீங்கள் எடுத்திருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பீர்கள். ஏ9 திறந்த பிறகும் திரும்பி வராத அண்ணனுக்காக ஒரு தம்பி தினமும் படலையில் நிற்கிறான். ஏழு நிமிடப் படத்தில் நாலு நிமிடம் அவன் மெதுவியக்கத்தில் நிற்கிறான். நிற்பவனை மெதுவியக்கத்தில் காட்டினால் என்ன வித்தியாசம் தெரியும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒழுங்கை முனையில் காவலரண் இருந்தபடியால் கமெரா எப்போதும் அதற்கு முதுகு காட்டியே நின்றது. எல்லாக் காட்சியும் இடப் பக்கமாகவே திரும்பும், வலப் பக்கம் ஒருபோதும் திரும்பாது. நாங்கள் எடுத்த யாழ்ப்பாணத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு.

கடைசிக் காட்சிக்கு மழை வேண்டும். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிப் பிராயத்துச் சுற்றுலா ஒன்றில், கித்துல்கலவில் ‘குவாய் நதிப் பாலம்’ படப்பிடிப்பைப் பார்த்ததையும், டேவிட் லீன் ‘மழை!’ என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதையும், அன்றே தானும் இயக்குநராவதென்று முடிவு கட்டியதையும் சொல்லியிருக்கிறார் அல்லவா? கமெராவைத் தொட்ட எந்த ஈழத்துப் பெடியனுக்கும் அது மனப்பாடம். நானும் படலையடியில் நின்று, கையை உயர்த்தி, தொண்டை கிழிய ‘மழை!’ என்றேன். ஆடி மாதத்து யாழ்ப்பாணம். சோளகக் காற்றுத்தான் சுழன்றடித்து என் வாய் நிறையப் புழுதியைப் போட்டது. அயல் வீட்டு அம்மம்மா எட்டிப் பார்த்து, ‘எங்கையடா தம்பி மழை, கொடியில உடுப்புக் கிடக்கு’ என்றா. கடைசியில் மதிலில் ஏறிப் பூவாளியால் ஊற்றினோம். தம்பியாக நடித்தவனின் தலைக்கு மேல் மட்டும் பெய்த, உலகத்திலேயே மிகக் குறுகிய மழை.

அதே சோளகம் எங்கள் வசனங்களையும் தின்றுவிட்டிருந்தது என்பது ஸ்ரூடியோவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கலியாண வீடியோ எடுக்கிற ஒரு சின்ன ஸ்ரூடியோ அது. முன்னால் மணமக்களின் பெரிய படம், பின்னால் ஒரு கொம்பியூட்டர். அதை நடத்திய அண்ணை இரண்டு டெக்கை அருகருகே வைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிந்து, ‘போஸ்’ பொத்தானில் விரலையும் நாக்கில் ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ எண்ணிக்கையையும் வைத்துத் தொழில் பழகியவர். அந்த முறையில் நடுவில் ஒரு ஷொட் பிழைத்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாவற்றையும் திரும்பப் பதிய வேண்டும். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்க மணமகளின் சேலைச் சிவப்பு பக்கத்தில் நிற்கிற மாமியாரின் மேலும் வழியும். அப்படிப்பட்டவருக்குக் கொம்பியூட்டர் வந்தது, கூழுக்கு அலைந்தவனுக்குக் கோயில் மடை கிடைத்த மாதிரி. ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க் 40 ஜி.பி.தான். ஒரு மணி நேரக் கசெற்றை உள்ளே இறக்கினால் 13 ஜி.பி. போய்விடும். கலியாணக் காலத்தில் வேறு யாருடைய கலைக்கும் அங்கே இடமில்லை. எங்கள் படம் ஏறியதே ஆடியில் முகூர்த்தம் இல்லை என்ற ஒரே காரணத்தால். தமிழ்ப் பஞ்சாங்கத்துக்குச் சினிமா பட்டிருக்கிற கடன்களில் இதையும் யாராவது குறித்து வைக்க வேண்டும்.

‘தம்பி, எங்கையெண்டாலும் வெட்டு. தாலி கட்டேக்க மட்டும் கை வைக்காத’ என்பது அண்ணையின் முதல் பாடம். எங்கள் படத்தில் தாலியே இல்லை என்றேன். ‘தேடிப் பார், எல்லாப் படத்திலையும் ஒண்டு இருக்கும்’ என்றார். இரண்டாவது பாடத்தை அனுபவத்திலிருந்து சொன்னார்: யாரை வேண்டுமானாலும் குறைக்கலாம், மாமன்மாரைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் கனடாவிலிருந்து கோல் வரும். ஒரு கலியாணத்தில் மணமகளின் தாய்மாமன் தேங்காய் உடைத்ததை இவர் வெட்டிவிட, மூன்று வருடம் அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லையாம். ஊரெல்லாம் சமாதானப் பேச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாட்களில் இதை அவர் சொன்ன தீவிரத்தைப் பார்த்தால் எது பெரிய பிரச்சினை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை என்று பட்டது.

இந்த இடத்தில், கருவிகள் குறைந்த காலத்தில் நாங்கள் சிக்கனமாக, அடக்கமாகப் படம் தொகுத்தோம் என்று எழுதத்தான் கை போகிறது. பொய். அந்தக் கொம்பியூட்டரில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக இருதயம் விரிவது, பக்கம் புரள்வது, கண்ணாடி நொறுங்குவது, பெட்டி உருள்வது என்று நூறு வழிகள் இருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளை அதன் முன் உட்கார்த்தினால் என்ன நடக்கும்? தம்பி படலையைத் திறக்கிறான், இருதயம். அண்ணனின் படத்தைப் பார்க்கிறான், பக்கம் புரள்கிறது. அண்ணன் இனி வரமாட்டான் என்று கடிதம் வருகிறது, திரை முழுவதும் ரோசாப்பூ மலர்கிறது. அந்தக் கடிதக் காட்சியில் ரோசாவைச் சேர்க்கச் சொன்னது நான்தான். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஆனால் ஒன்று இருந்தது. எல்லாம் அடுக்கி முடித்து ‘ரெண்டர்’ கொடுத்தால் ஏழு நிமிடப் படத்துக்கு ஐந்து மணித்தியாலம் என்று திரை சொல்லும். பிறகு ஆறு என்று மனம் மாறும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து. அந்த ஐந்தாறு மணி நேரமும் நாங்கள் அதைவிட்டு அசையமுடியாது, அசையவும் விரும்பவில்லை. வீட்டில் ‘ரெண்டர் ஓடுது’ என்று சொன்னால் இரவு முழுக்க வெளியில் நிற்கலாம். என்ன ஓடுகிறது என்று கேட்க ஒருவருக்கும் ஆங்கிலம் போதவில்லை. அண்ணையின் வீட்டிலிருந்து ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சிய கூழ் வாளியில் வரும். பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் போட்ட இனிப்புக் கூழ், பலா இலையைக் கோலி அள்ளிக் குடிப்போம். ஊரடங்கு இல்லாத இரவு என்பதே எங்களுக்குப் புதிது. ஸ்ரூடியோ வாசலில் சைக்கிள்களைச் சாய்த்து, வெறும் வீதியைப் பார்த்தபடி, 43 வீதம், 44 வீதம் என்று உள்ளே போய் எண்ணிவந்து சொல்ல முறைவைத்து ஆள் அனுப்பி, எடுக்கப்போகும் அடுத்த பத்துப் படங்களை அங்கே இருந்து எடுத்து முடித்தோம்.

பள்ளி மண்டபத்தில் படம் போட்ட அன்று கனடாவின் பால் இல்லாத கமெரா தன் குணத்தைக் காட்டியது. பள்ளிக்கூடத்து ரீவி பழையது, பால் மட்டும் அறிந்தது. கமெராவை அதில் நேரே மாட்டியதும் எங்கள் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. ரோசாப்பூ சாம்பல் நிறத்தில் மலர்ந்தது. நாங்கள் திரைக்குப் பின்னால் வேர்த்து வழிந்துகொண்டிருக்க, பேச வந்த பிரதம விருந்தினர், வண்ணத்தைத் துறந்து இழப்பின் நிறத்தைத் தேர்ந்த இளம் கலைஞர்களின் துணிவை இருபது நிமிடம் பாராட்டினார். நாங்கள் தலை குனிந்து ஏற்றுக்கொண்டோம். எங்கள் சைக்கிள் ஓடுகிற தூரத்தில், 1977 இலேயே தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து மனிதர்களை வைத்து ‘பொன்மணி’ என்ற உண்மையான படமொன்றை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை அந்த விருந்தினரும் சொல்லவில்லை, எங்கள் மாஸ்ரரும் சொல்லவில்லை. நாங்கள்தான் முதல் என்று நினைத்துக்கொண்டு தூங்கினோம்.

இப்போது அக்காவின் மகள் உயர்தரத்தில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்று அதைப் பாடமாகவே படிக்கிறாள். நான் வீட்டில் அடிவாங்கிய விஷயத்துக்கு அவளுக்குப் புள்ளி போடுகிறார்கள். நெல்லியடியில் பஸ் ஏறும்போது ஃபோனில் வெட்டத் தொடங்கினால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்க முன்னர் படம் முடிந்து, இசை சேர்ந்து, எழுத்தோட்டமும் போய்விடுகிறது. ரெண்டர் என்பது கொட்டாவி விடுகிற நேரம். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு என்னைக் கூட்டிப்போய், ஈரானியப் படத்தில் நான் நித்திரையாகும்போது முழங்கையால் இடிப்பவளும் அவள்தான். அவளிடம் எபெக்ட் நூறல்ல, ஆயிரம் இருக்கிறது. ஒன்றையும் தொடுவதில்லை. வெறும் வெட்டு. ஒரு முறை நான் மெல்ல, இந்த இடத்தில் பக்கம் புரண்டால் என்ன என்று கேட்டபோது, பெரியாஸ்பத்திரி வார்ட்டில் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

போன மாதம்தான் என் அனுபவம் தேவைப்பட்டது. ஒரு காட்சியைப் பழைய வீடியோ மாதிரிக் காட்ட வேண்டுமாம். ‘மாமா, கசெற் பழுதானா அந்தக் கோடு மேலயிருந்து கீழ வருமோ, கீழயிருந்து மேல போகுமோ?’ என்று கேட்டாள். டெக்கின் தலையில் ஊத்தை பிடித்தால் எப்படி, நாடா கசங்கினால் எப்படி என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். அண்ணை இரவிரவாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து அகற்றிய அழுக்கையெல்லாம் அவள் இரண்டு விரலால் இழுத்துக் கூட்டிக்கொண்டாள்.

நன்றிக்கடனாக எனக்கு ஒரு வேடமும் தந்தாள். படலையைத் திறந்து, வீதியைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விடுகிற கிழவர். நாற்பது செக்கன் நடித்தேன். பெருமூச்சை மட்டும் மூன்று தரம் எடுத்தோம். படம் முடிந்ததும் ஃபோனை என்னிடம் தந்தாள். படலை திறந்தது, ஒரு கை தெரிந்தது, அடுத்த ஷொட்டுக்குப் போய்விட்டது.

‘முகம் எங்கை பிள்ளை?’

‘கை காணும் மாமா. கையே எல்லாத்தையும் சொல்லுது.’

அந்த அண்ணையின் இரண்டாவது பாடம் நினைவில் வந்தது. நான் தாய்மாமன், கனடாவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். இரண்டு செக்கன். ‘ஐம்பது பிரேம்தான் வாறன்’ என்றேன்.

‘இல்லை மாமா, ஃபோனில செக்கனுக்கு முப்பது. அறுபது பிரேம்.’

பத்துப் பிரேம் லாபம். கோலை நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.