லைன்லதான் பிராப்ளம் அங்கிள்

விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதல் சுற்றிலேயே மெட்ராஸுக்கும் இடம் கிடைத்தது. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் தெருவுக்கு ஒருவன் வீதம் ஒரு பையன் முளைத்தான். வயது பத்தொன்பது, இருபது இருக்கும். பி.எஸ்ஸி. கணிதமோ பி.இ. மெக்கானிக்கலோ படிப்பான். படிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் ‘கம்ப்யூட்டர் பையன்’ என்று பெயர் விழுந்துவிடும். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் குத்தியிருப்பான். மணி அடிக்காத நேரத்தில் போன் லைனில் இருப்பது சுமார் ஐம்பது வோல்ட். அதில் டெஸ்டரை வைத்தால் மினுக்கென்றுகூட எரியாது. அது அவனுக்கும் தெரியும். காசி யாத்திரைக்குக் கிளம்பும் மாப்பிள்ளையின் கையில் குடை கொடுக்கிறோமே, அந்த வகை டெஸ்டர் அது. மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை.

பாலவாக்கம் போன்ற இடத்தில் இந்தப் பையனுக்குக் கிராக்கி அதிகம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை அது ஊராட்சிதான். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வாடகை கொடுத்தே முடி நரைத்தவர்கள், ரிடையர் ஆகி, பி.எஃப். பணத்தில் ஈ.சி.ஆர். ஓரம் வீடு கட்டிக் குடியேறினார்கள். தபால் முகவரி காஞ்சிபுரம் மாவட்டம். மின்னஞ்சல் முகவரியின் வாலில் மட்டும் ‘ஜி.ஐ.ஏ.எஸ்.எம்.டி. 01’ என்று மெட்ராஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் மகன், வீட்டில் மோடம், மூன்று நிமிடத்துக்கு ஒரு கால் என்று ஓடுகிற மீட்டர். இத்தனையும் கூடிவந்த ஒரு சாயங்காலத்தில் திரையில் ‘எரர் 691’ என்று வந்து நிற்கும். உடனே மாடி வீட்டுப் பையனைக் கூப்பிடு என்று ஆள் போகும்.

இந்தப் பையனைத் தொழில்நுட்ப நிபுணன் என்று நினைத்துத்தான் எல்லோரும் பாராட்டினார்கள், இன்னும் பாராட்டுகிறார்கள். என் கட்சி வேறு. கோளாறைச் சரிசெய்வது அவன் வேலையில் கால்வாசிதான். பழியை எங்கே இறக்கி வைப்பது என்று முடிவு செய்வதுதான் மீதி முக்கால். இதற்கு அந்த 691-ஐயே சாட்சிக்கு அழைக்கிறேன். விண்டோஸ் 98-இல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 680 என்றால் டயல் டோன் இல்லை. 676 என்றால் எதிர்முனை பிஸி. 678 என்றால் யாரும் எடுக்கவில்லை. இவை மூன்றும் லைன் சமாசாரம். 691 அப்படி இல்லை. மோடம் டயல் செய்து, எதிர்முனை எடுத்து, ‘கீங்ங்... கர்ர்ர்’ என்று இரண்டும் கூவிப் பேசி, வேகம் ஒத்துக்கொண்டு, ஸ்பீக்கர் அடங்கி, பெயரும் பாஸ்வேர்டும் போய்ச் சேர்ந்து, சர்வர் அதைப் படித்துப் பார்த்து ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று திருப்பி அனுப்பினால்தான் 691 வரும். அதாவது, லைன் ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு 691-ஐவிட நல்ல அத்தாட்சி கிடையாது. இது தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவன்தான். அவன் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்: “லைன்லதான் பிராப்ளம் அங்கிள்.”

ஏன் அப்படிச் சொல்கிறான்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முப்பத்தைந்து வருடம் ஏ.ஜி. ஆபீஸில் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவர். அவரிடம் ‘நீங்க பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சீங்க’ என்று சொல்ல வேண்டுமானால், பெற்ற மகனுக்கே பத்தாயிரம் மைல் தூரம் தேவைப்படுகிறது. அதுவும் அவர் நாலு தடவை, ஒவ்வொரு எழுத்தாக, உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்திருக்கிறார். பெட்டியில் விழுந்ததெல்லாம் நட்சத்திரம். நட்சத்திரத்தில் பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது? சர்வருக்கோ இரண்டும் வேறு வேறு. பையன் குனிந்து மோடத்தின் விளக்குகளை உற்றுப் பார்க்கிறான். வயரை ஒருமுறை கழற்றி மாட்டுகிறான். “ஆண்ட்டி, கொஞ்சம் தண்ணி” என்கிறான். வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கும் அந்த இரண்டு விநாடியில், அவனுடைய இடது கைச் சுண்டுவிரல் கீபோர்டின் ஓரத்துக்குப் போய் கேப்ஸ் லாக்கை அணைத்துவிட்டு வருகிறது. பச்சை விளக்கு ஒன்று அணைந்ததை யாரும் கவனிப்பதில்லை. “இப்போ அடிங்க அங்கிள்.” கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் மினுக்குகின்றன. “எக்ஸ்சேஞ்ச்ல சரி பண்ணிட்டான் போல.” எக்ஸ்சேஞ்சில் இருக்கும் யாரோ ஒருவர், செய்யாத குற்றத்துக்கும் செய்யாத ரிப்பேருக்கும் ஒரே நிமிடத்தில் பொறுப்பாளி ஆகிவிட்டார்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடலோரத்தில் லைன் கெடுவது பொய்யா என்ன? பாலவாக்கத்து உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, சுவரில் போன் ஒயர் வந்து சேரும் பெட்டிக்குள் செம்பு பச்சை பூக்கிறது, மழைக்காலத்தில் ரிசீவரை எடுத்தால் அப்பளம் பொரிக்கும் சத்தம். எல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அந்தப் பழி செல்லுபடியாகிறது. நடக்கவே நடக்காத காரணத்தைச் சொன்னால் ஏ.ஜி. ஆபீஸ்காரர் நம்புவாரா? பத்தில் மூன்று முறை உண்மையாக இருக்கும் காரணத்தை மீதி ஏழு முறைக்கும் நீட்டித் தருவதில்தான் பையனின் சாமர்த்தியம். டயல் டோன் இல்லை என்று 680 வந்தாலும் அவன் விழிப்பதில்லை. அமெரிக்க டயல் டோனை எதிர்பார்த்துச் செய்த மோடம் நம் ஊர் டோனைக் கேட்டு ‘இது டோனே இல்லை’ என்று சாதிக்கும். ‘டயல் டோனுக்குக் காத்திரு’ என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. அந்த வித்தையை மட்டும் அவன் எல்லோருக்கும் விளக்கிச் சொல்வான், ஏனென்றால் அதில் தப்பு அமெரிக்காவின் தலையில் விழுகிறது.

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் 691 வருமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வரும். கூடத்தில் பாட்டி போனை எடுத்து “ஹலோ, ஹலோ” என்றால் இணைப்பு அறுந்துவிடும். ஆனால் நாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம் என்று சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு கணக்கில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றால், மறுபடி போகிறவரை அது வாசலிலேயே நிறுத்திவிடும். பத்து நிமிடம் பொறுத்தால் தானாகச் சரியாகும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பையன் டெஸ்டரை வைத்து நிரப்புகிறான். பாட்டி பேரை எடுப்பதில்லை. இதைவிடச் சிக்கலானது வாங்கிய மணிநேரம் தீர்ந்துபோய் வரும் 691. “மாசம் இருபது மணி நேரம்கூட ஆகலையே” என்கிறார் அப்பா. பையன் அந்த வீட்டுக் கல்லூரி மாணவனைப் பார்க்கிறான். மாணவன் மின்விசிறியைப் பார்க்கிறான். ராத்திரி பதினொரு மணிக்குமேல் மோடத்தைத் தலையணையால் மூடிவைத்து யார் என்ன பார்த்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். “அவங்க கணக்குல ஏதோ குழப்பம் இருக்கும் அங்கிள், இந்த ஒருவாட்டி புதுப்பிச்சிடுங்க” என்று தீர்ப்பாகிறது. அன்றிலிருந்து அந்த மாணவன் இவனுக்கு ஆயுள் அடிமை.

அப்படியானால் பொய்யன்தானே என்று கேட்கலாம். ஆமாம், பொய்யன்தான். அதற்குக் கூலியாக அவன் வாங்கியது ஒரு டம்ளர் ஃபில்டர் காபியும், ‘எங்க பையனும் இப்படி இருந்திருந்தா’ என்ற பெருமூச்சும்தான். அந்தப் பெருமூச்சுக்கு அந்த வீட்டில் எதிரி ஒருவன் உருவாவதும் உண்டு. மெய் பேசும் மாற்று என்ன என்பதையும் பார்த்துவிட்டோம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பாஸ்வேர்ட் அடிக்கும்போதே மஞ்சள் பலூன் ஒன்றை ஊதி, ‘கேப்ஸ் லாக் போட்டிருக்கிறாய்’ என்று மனைவி மக்கள் முன்னால் பட்டவர்த்தனமாகச் சொன்னது. பலூனால் எத்தனையோ சாயங்காலங்கள் மிச்சமாயிருக்கும். ஆனால் யாரும் அதற்குக் காபி கொடுக்கவில்லை.

பிராட்பேண்ட் வந்ததும் இந்த ஆள் ஒழிந்தான் என்று எழுதினால் தப்பு. மோடத்தின் கூவல்தான் ஒழிந்தது. இப்போது அவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. சோழிங்கநல்லூரில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் மீட்டிங்கில் இருக்கிறான். பாலவாக்கத்திலிருந்து போன் வருகிறது. “தம்பி, ஓ.டி.பி. போடறேன், தப்புங்கறான்.” எந்த மெசேஜைப் பார்த்து அடிக்கிறீர்கள் என்று கேட்கிறான். அவர் படித்துக் காட்டுவது நேற்றைக்கு வந்தது. பழியை இறக்கிவைக்க அவனுக்கு இப்போது பழைய வசதி இல்லை. வீட்டுக்கு வந்திருப்பது ஃபைபர், கண்ணாடி இழை, அது பச்சை பூக்காது. ஒரு கணம் யோசித்து, “சர்வர் டவுன் அங்கிள். புதுசா ஒண்ணு அனுப்பச் சொல்லி, கடைசியா வந்ததைப் போட்டுப் பாருங்க” என்கிறான்.

“நானும் அதான் நெனச்சேன்” என்கிறார் அவர். “இன்னைக்குக் கடல் காத்தும் கொஞ்சம் ஜாஸ்தி.”