மஞ்சளில் நின்ற குற்றம்

மஞ்சள் விளக்கு விழுந்ததும் பிரேக்கை மிதிக்கிறவனைச் சென்னை லேசில் மன்னிக்காது. சிவப்பில் சீறிக்கொண்டு போகிறவனுக்குக்கூட, 'பாவம், என்ன அவசரமோ' என்று கொஞ்சம் தாட்சண்யம் உண்டு. மஞ்சளில் நிற்கிறவன் போக்கிரி. பின்னால் வருகிறவர்களின் நம்பிக்கையை நடுரோட்டில் குலைப்பவன்.

1920-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ், சிவப்போடும் பச்சையோடும் மஞ்சளைச் சேர்த்து நாற்சந்திக்கு ஒரு விளக்கு செய்தார். நிற்பதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமே என்ற நல்லெண்ணம். நம் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: மஞ்சள் வந்தால் கோட்டுக்கு முன்னால் நில், நிற்க முடியாதபடி நெருங்கிவிட்டால் மட்டும் போ. நூறு வருஷம் ஆகியும் இந்தச் செய்தி அண்ணா நகர் வரை வந்து சேரவில்லை.

அன்றைக்கு நான் மிதித்தது பிரேக்கை. எனக்குப் பின்னால் பெரிய எஸ்.யூ.வி.யில் வந்தவர் மிதித்தது ஆக்சிலேட்டரை. கோட்டுக்கு இந்தப் பக்கம் அடக்கமாக நின்ற என் சின்னக் கார், ஒரு 'டொம்'முக்குப் பிறகு அந்தப் பக்கம் நின்றது. அதற்குள் சிவப்பும் விழுந்திருந்தது.

நம்மூரில் விபத்துகளுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: பெரிய வண்டிமேல்தான் தப்பு. லாரியும் காரும் மோதினால் லாரி. காரும் பைக்கும் மோதினால் கார். பைக்கும் சைக்கிளும் மோதினால் பைக். மாடு குறுக்கே வந்தால், மாட்டைத் தவிர எல்லோரும். இந்தக் கணக்கில் நான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் முதலில் சத்தம் போட்டவருக்கே சாதகம் என்று ஓர் உபவிதியும் உண்டு. நான் ஹேண்ட்பிரேக் போட்டு, சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியில் பார்த்துக் கதவைத் திறப்பதற்குள் அவர் கூட்டம் சேர்த்து முழுக்கதையும் சொல்லி முடித்திருந்தார்.

"இன்னா சார், மஞ்சள்ல போய் நிக்கிறீங்க?"

"மஞ்சள்ல நிக்கணும் சார்."

"யாராவது நிக்கிறாங்களா? நீங்க போயிடுவீங்கன்னு நெனச்சுதானே நானும் வந்தேன்!"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மனிதர் மனப்பூர்வமாகப் பேசினார்.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "டக்குனு பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவரு என்னா பண்ணுவாரு?" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அதே சிவப்பில் சிக்னலைத் தாண்டிப் போனார். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டியிருந்த பைக்காரர், "ரூல்ஸ் பேசுறவங்க வண்டிய வீட்ல வெச்சுட்டு வரணும்" என்றார்.

ரூல்ஸை நான் பேசத்தான் செய்தேன். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும் இடிக்காத அளவுக்கு இடைவெளி விட்டு வர வேண்டும். காரணமில்லாமல் சடன் பிரேக் போடக்கூடாது. 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. சிக்னல் விழுவது ஒரு காரணமாகுமா என்பதில்தான் கூட்டத்துக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "ஆளுக்கு அடி ஏதும் உண்டா?" இல்லை என்றோம். "அப்புறம் என்ன, ஓரங்கட்டிப் பேசிக்குங்க. டிராஃபிக் ஆகுது பாருங்க."

பேசினோம். ஒன்றும் பெயரவில்லை.

புது பம்பர் 8,000 ரூபாய் என்றார் மெக்கானிக். இன்சூரன்ஸ் கணக்கு இருக்கிறதே, அது தனிக்கலை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள்; மிச்சம் 4,000. சின்னக் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000, மிச்சம் 3,000. இந்த மூவாயிரத்தை வாங்கிக்கொண்டால், ஐந்து வருஷமாக க்ளெய்மே கேட்காமல் சேர்த்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் அடுத்த பிரீமியத்தில் காலி. இடித்தவருடைய இன்சூரன்ஸிலிருந்து வாங்கலாமே என்றால், அதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். (ஒரு பம்பருக்காகத் தீர்ப்பாயம் போனவரை எங்கேயாவது பார்த்தால் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொள்ளுங்கள்.) ஆக, சட்டம் முழுக்க என் பக்கம், செலவும் முழுக்க என் பக்கம்.

அத்தோடு முடிந்திருக்கும். கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஸ்டாப் லைனைத் தாண்டியதற்காக 500 ரூபாய் இ-சலான். முன்பெல்லாம் இது நூறு ரூபாய்க் குற்றம். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்களை ஏற்றிய பிறகு இதற்கும் மரியாதை கூடிவிட்டது. கூடவே புகைப்படம். என் கல்யாண ஆல்பத்தில்கூட அவ்வளவு தெளிவு கிடையாது. மேலே சிவப்பு விளக்கு, கோட்டைத் தாண்டிய முன்சக்கரங்கள், பளிச்சென்று என் நம்பர் பிளேட். என் வண்டியின் முதுகோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அந்த எஸ்.யூ.வி.

படத்தை எடுத்துக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி. திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆமா, இடிச்சிக்கிட்டுதான் நிக்கிறாரு. ஆனா உங்க வீல் கோட்டத் தாண்டியிருக்குல்ல?"

"நான் தாண்டலை சார். தள்ளிவிட்டுட்டாரு."

"தள்ளிவிட்டதுக்கு சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லியே. கட்டாம விட்டா விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிடும். அங்கியும் வழக்காடுறேன்னு அழுத்துனீங்கன்னா நெஜ கோர்ட்டுக்கு வரணும். பாத்துக்குங்க."

வீடியோ இருக்குமே, அதைப் பார்க்கலாமே என்று கெஞ்சினேன். தேடி எடுத்துப் போட்டார். பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். என் கார் துள்ளிப்போய் நிற்கிற இடம் வந்ததும் இருவரும் ரசித்துச் சிரித்தார்கள். திரும்பவும் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சலானை ரத்து செய்ய எழுதுவதாகச் சொல்லி என்னிடம் மனு வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது நாக்கு சும்மா இருக்கவில்லை. "இடிச்சவருக்கு சலான் போயிருக்கா சார்?"

"அவருக்கா? எதுக்கு?" என்று மறுபடி திரையைப் பார்த்தார். "அவரு கோட்டுக்குப் பின்னாடிதானே நிக்கிறாரு. தாண்டலாம்னா, நடுவுல நீங்க இருக்கீங்களே!"