மூக்கால் குடிப்பவர்

எடின்பரோ நகரத்துப் பழைய பப் எதில் நுழைந்தாலும் மூலை மேஜையில் இவர் இருப்பார். அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் பாதித் தம்ளரைக் காலி செய்துவிட்ட நேரத்தில், இவர் தம் தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு, மழையில் நனைந்த கோழிக்குஞ்சைக் காப்பாற்றுகிறவர்போல் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பது ஸ்ட்ராங் ஸ்காட்ச் ஏல் என்னும் கனத்த பீர். கருஞ்சிவப்பு நிறம், மேலே ஒரு விரல் நுரை. ஃப்ரிட்ஜ் குளிரோடு அதை வாயில் வைப்பது பாவம், பத்துப் பன்னிரண்டு டிகிரிக்காவது வரவேண்டும் என்பது இவர் கொள்கை. வந்ததும் தம்ளரை ஒரு சுழற்றுச் சுழற்றுவார். மூக்கை உள்ளே விடுவார். கண் மூடிக்கொள்ளும், இடது புருவம் மட்டும் மேலே போகும். அரை வாய் உறிஞ்சி, கொப்பளிக்கப் போகிறாரோ என்று பக்கத்து மேஜைக்காரர் காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு உருட்டி, ஒருவழியாக விழுங்கி, மூக்கு வழியாக நீளமாக மூச்சு விடுவார். பிறகு பென்சில் வரும், நோட்டுப் புத்தகம் வரும். "உலர்திராட்சை. வெல்லப்பாகு. பழைய தோல் நாற்காலி. தூரத்தில் பீட் புகை." கடைசிப் பதத்தின் கீழே ஒரு கோடு. பார்மேன் இதையெல்லாம் பார்க்காதவர்போல் ஒரே தம்ளரை நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது, சிரிக்கவும் வேண்டும். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்பதில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். வெல்லப்பாகு, தோல் நாற்காலி என்று அவர் எழுதுவதைத்தான் பித்தலாட்டம் என்று நினைக்கிறார்கள். அங்கே அவர் யோக்கியர். தலையைத் தூக்கி, "தம்பி, இந்த ருசி ஏன் வந்தது தெரியுமா?" என்று அடுத்த நாற்காலிக்காரரிடம் வரலாறு சொல்ல ஆரம்பிக்கிறாரே, அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இந்த மனிதரின் மூக்கை நம்பலாம், வாயை நம்பக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் மூக்கு. ஜலதோஷம் பிடித்த அன்று ரசம் வெந்நீராகத் தெரிவது எல்லோருக்கும் அனுபவம்தான். நாக்கு கசப்பு, இனிப்பு, புளிப்பு என்று நாலைந்து சங்கதிகளோடு நிறுத்திக்கொள்ளும்; மிச்சமெல்லாம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிற வாசனை. ஆகவே விழுங்கிவிட்டு மூக்கால் மூச்சு விடுகிறாரே, அது பாவனை இல்லை, சரியான முறை. எழுதுகிற பதங்களும் வானத்திலிருந்து வந்தவை அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் மெய்ல்கார்ட் என்ற வேதியியல் அறிஞர் 1970களில் பீரின் சுவைகளை வட்டமாக அடுக்கி ஒரு சக்கரம் போட்டுக்கொடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட சுவைகள் அதில் உண்டு. அழுகின முட்டைக்கோஸ் வகையறா, பூனை, ஆடு எல்லாம் உண்டு. ஆய்வகத்துக்காரர்கள் சிரிக்காமல்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். வெண்ணெய் வாசனை என்றால் டையசெட்டில், வாழைப்பழம் என்றால் ஐசோஅமைல் அசிடேட், நனைந்த அட்டைப் பெட்டி என்றால் பீர் பழசாகிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, தாராளமாகப் போட்டுக் காய்ச்சிய ஏலில் வெல்லப்பாகும் உலர்திராட்சையும் மணக்காவிட்டால்தான் ஆச்சரியம். கருப்பட்டிப் பணியாரத்தில் கருப்பட்டி மணக்கிறது என்று சொல்கிறவரை யாரும் வேஷக்காரர் என்பதில்லை.

இப்போது வாய்க்கு வருவோம். இவர் தயாராக வைத்திருக்கும் சொற்பொழிவுகளில் முதலாவது ஹாப்ஸ் பற்றியது. பீருக்குக் கசப்புத் தரும் அந்தப் பூ ஸ்காட்லாந்துக் குளிரில் விளையாது. ஆங்கிலேயனிடம் காசு கொடுத்து வாங்க ஸ்காட்டியனுக்கு மனம் வராது. அதனால்தான் எங்கள் ஏல் கசக்காமல் இனிக்கிறது என்பார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தட்பவெப்பம், பகை, கஞ்சத்தனம் மூன்றும் ஒரே தம்ளரில். குறை ஒன்றுதான்: உண்மை இல்லை. நம் ஊரில் பெருங்காயம் விளைவதில்லை, ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறது. அதற்காக எந்த வீட்டில் சாம்பாரை நிறுத்தினார்கள்? ஸ்காட்லாந்துப் பீர் ஆலைகளின் பழைய கணக்கேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரான் பாட்டின்சன் போன்ற பீர் வரலாற்றுக்காரர்கள் பொறுமையாக உட்கார்ந்து இத்தகைய ஏடுகளைப் புரட்டியதில் தெரிய வந்தது, எடின்பரோக்காரர்கள் ஹாப்ஸை அள்ளி அள்ளிப் போட்டார்கள் என்பதுதான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து மட்டுமா, ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். போதாக்குறைக்கு, வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துரைமார்களும் குடிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிய கசப்பான பேல் ஏலில் எடின்பரோவின் வில்லியம் யங்கர் ஆலைக்கும் பங்குண்டு. கசப்பை நம் நாட்டை நோக்கி ஏற்றுமதி செய்த ஊர், கசப்பே தெரியாத ஊர் என்று பெயர் வாங்கியிருக்கிறது. அப்படியானால் இந்த ஏல் ஏன் இனிக்கிறது? தாராளமாகப் போட்ட மால்ட்டால்தான். பாகற்காயை வெல்லம் போட்டுச் சமைத்தால் கசப்பு தொலைந்துவிடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது சொற்பொழிவு, கோடு போட்ட அந்தப் பீட் புகை. பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்து எரிக்கும் மக்கல் மண்கட்டி. அதன் புகையில் மால்ட்டை உலர்த்துவது சில விஸ்கிகளின் வழக்கம். விஸ்கியும் ஏலும் ஒரே நாட்டுப் பிள்ளைகள் என்பதால் தம்பி சட்டையை அண்ணனுக்கு மாட்டிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஏல் ஆலைகள் அந்தப் புகை மால்ட்டை வழக்கமாகப் போட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், கதையை நம்பிய அமெரிக்கர்கள் சிலர் பீட் மால்ட்டை நிஜமாகவே போட்டு ஸ்காட்ச் ஏல் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே போனால் இன்னும் ஐம்பது வருஷத்தில் இவர் சொன்னது உண்மையாகிவிடும்! "அப்படியென்றால் எனக்குப் புகை வாசனை தெரிகிறதே, அது பொய்யா?" என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சில ஈஸ்ட் வகைகள் புளிக்கும்போது கிராம்பையோ புகையையோ நினைவூட்டும் வாசனையைத் தாமாகவே உண்டாக்கும். வறுத்த பார்லி கொஞ்சம் சேர்ந்தாலும் கருகல் மணம் வரும். வாசனை அங்கே இருந்தது, மூக்கு பிடித்தது. காரணம் கேட்டபோதுதான் வாய் குறுக்கே வந்து ஹைலேண்ட் மலை, மூடுபனி, சதுப்புக் குடிசை என்று படம் வரைந்துவிட்டது.

இங்கே ஒரு விவரமான ஆட்சேபம் உண்டு. மூக்கு மட்டும் என்ன அரிச்சந்திரனா? 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்களும் சிவப்பு ஒயினுக்குரிய பதங்களையே வரிசையாக எழுதினார்கள். அப்படியிருக்க, பப் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரின் வெல்லப்பாகை எப்படி நம்புவது? ஆட்சேபத்தைத் தள்ள முடியாது. நிறம் மூக்குக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தம்ளருக்குக் கறுப்புத் துணி சுற்றிக் கொடுத்தால் நம்மவரின் தோல் நாற்காலி கொஞ்சம் ஆட்டம் காணும். ஆனால் அந்த மாணவர்களின் மூக்கைக் கெடுத்தது என்ன? மூக்குக்கு வெளியிலிருந்து வந்த ஒரு பொய்த் தகவல். அதாவது சாயம் செய்த வேலையைத்தான் நம்மவரிடம் ஹைலேண்ட் கதை செய்கிறது. இது என் கட்சியை உடைக்கவில்லை, முட்டுக் கொடுக்கிறது. தவிர, நிறத்தை நம்பாதே என்று பாடம் நடத்துவதற்கு ஸ்காட்லாந்து பப்பைவிடத் தோதான இடம் கிடையாது. அங்கே 'லைட்' என்று கேட்டால் வருவது பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும். லைட் என்றது போதையை, நிறத்தை அல்ல.

பெயர்களின் விஷயமே அங்கே இப்படித்தான். ஒரு பீப்பாய் விலை இத்தனை ஷில்லிங் என்று 19ஆம் நூற்றாண்டில் பட்டியல் போட்டதில், போதை ஏற ஏற ஷில்லிங்கும் ஏறியது. 60 என்றால் லைட், 70 என்றால் ஹெவி, 80 என்றால் எக்ஸ்போர்ட், 90ஐத் தாண்டினால் நம்மவர் கையில் இருக்கும் சரக்கு. 1971 பிப்ரவரியில் பிரிட்டன் ஷில்லிங் கணக்கையே தலைமுழுகியது. அதே பத்தாண்டில்தான் பீர் ஆலைகள் இந்தப் பழைய ஷில்லிங் பெயர்களைத் தூசி தட்டி மறுபடி எழுதி வைத்தன. செத்த காசுக்குத்தான் மவுசு. (ஷில்லிங்குக்குப் பின்னால் போட்ட சாய்கோடும் சிறுகோடும் நமக்கு அந்நியமில்லை, 500/- என்று நம் கடை ரசீதில் இன்றும் விழுவது அந்தக் குடும்பத்து வாரிசுதான்.) உச்சத்திலிருக்கும் ஏலுக்கு வீ ஹெவி என்று பெயர். ஸ்காட்டியர் பேச்சில் 'வீ' என்றால் குட்டி. குட்டிக் கனம்! எடின்பரோவுக்குக் கிழக்கே, கடலோரப் பிரஸ்டன்பான்ஸ் ஊரில் இருந்த ஃபௌலர் ஆலை தன் கனத்த ஏலை ஒரு பைன்ட்டில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும் சின்னப் புட்டியில் விற்றது. குட்டி என்றது புட்டியை. ஆலை 1960களில் மூடிப்போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கதைகளிலும் பொய்யில்லாதவை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. நம்மவர் மூன்றாவதாகச் சொல்வது ட்ரக்வேர் மாளிகையின் கதை. இங்கிலாந்து எல்லைப்புறத்தில் இன்னர்லீதன் பக்கத்திலிருக்கும் அந்த வீட்டின் பெரிய வாசலில் இரண்டு கற்கரடிகள் காவல் நிற்கும். 1745இல், பறிபோன அரியணையைக் கேட்டுக் கிளம்பிய இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் அங்கிருந்து புறப்பட்டுப் போனபின் சாத்திய கதவை, ஸ்டூவர்ட் வம்சத்தவர் ஒருவர் முடிசூடும்வரை திறப்பதில்லை என்று வைத்திருக்கிறார்களாம். கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. 1965இல் அந்த வீட்டுக்காரர் பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட், மாளிகைத் தேவாலயத்துக்கு அடியில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த 18ஆம் நூற்றாண்டுக் காய்ச்சு அறையைக் கண்டுபிடித்து, பழைய செப்புக் கொப்பரையையும் ஓக் மரத் தொட்டிகளையும் துடைத்து மறுபடி ஏல் காய்ச்சினார். 7.2 சதவீத ஆல்கஹால். மேலே ஜபம், கீழே ஏல். எல்லாம் உண்மை. ஆனால் நம்மவர் இங்கேயும் சும்மா இருப்பதில்லை. இந்த ஏலில் "திறக்காத கதவின் சோகம்" ருசிக்கிறது என்று எழுதிவிடுவார். மெய்ல்கார்டின் சக்கரத்தில் பூனைக்குக்கூட இடம் உண்டு, சோகத்துக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் காய்ச்சும் 'ஸ்கல் ஸ்ப்ளிட்டர்' ஏல் இன்னும் மோசமான சோதனை. மண்டைபிளப்பான் என்று அர்த்தம், 8.5 சதவீதம். இந்தப் பெயர் வன்முறையைத் தூண்டுகிறது என்று 2008இல் புகார் கிளம்பியது. பத்தாம் நூற்றாண்டில் ஆர்க்னியை ஆண்ட வைக்கிங் தலைவன் தோர்ஃபின்னின் பட்டப்பெயர் அது, சரித்திரம், வன்முறை அல்ல என்று வாதாடுவதில் நம்மவர் முன்வரிசை. மறுநாள் காலை பதினொரு மணி வாக்கில் அவரே கட்சி மாறக்கூடும்.

"ஒரு பீருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டனில் பத்து மில்லி சுத்த ஆல்கஹாலை ஒரு யூனிட் என்பார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது அங்கத்திய மருத்துவ ஆலோசனை. 8.5 சதவீத ஏல் அரை லிட்டர்ப் புட்டி என்றால் நாலேகால் யூனிட். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவர்போல் மூன்று புட்டி இறக்கியவர், வாரக் கோட்டாவை ஏறக்குறைய ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டார். ஃபௌலர் ஆலைக்காரர் குட்டிப் புட்டியில் அடைத்தது அழகுக்காக அல்ல. மெதுவாக என்று அந்தப் புட்டி சொன்னதை அப்படியே கேட்டு நடப்பவர், முகர்ந்து, உருட்டி, எழுதி, ஒரு தம்ளருக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நம்மவர் ஒருவர்தான். அடுத்த நாற்காலிக்காரர் கால்பந்து பார்க்க வந்தவர், ஹாப்ஸ் சொற்பொழிவு கேட்க வந்தவர் அல்ல என்பது உண்மை. அந்தக் குற்றத்துக்கு நம்மவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அவரையும் அந்த ஏலே திருத்திவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். முதல் பக்கத்தில் நெட்டுக்குத்தான எழுத்து. மூடுபனி, மலை, திறக்காத கதவு எல்லாம் இருக்கும். இரண்டாவது தம்ளரில் வரிகள் கொஞ்சம் வலப்பக்கம் சரிந்து, மலையும் பனியும் கழன்றுபோய், உலர்திராட்சை, அத்திப்பழம், வெல்லப்பாகு மட்டும் மிஞ்சும். மூன்றாவதில் கோணல்மாணலாக ஒரே வரி: "கறுப்பாக இருக்கிறது, இனிக்கிறது, நெஞ்சுக்குச் சூடாக இருக்கிறது." அந்த ஏலைப் பற்றி அன்றைக்கு எழுதியதிலேயே பிழையில்லாத வரி அதுதான். மறுநாள் காலையில், தலையைப் பிடித்துக்கொண்டு, அவர் கிழித்துப்போடுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.