காற்று பார்த்துக் கட்டிய பரண்

மாரண்டஹள்ளிப் பக்கம் வேட்டைப் பரண் கட்ட மரம் ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது, காற்றும் தெரிய வேண்டும். என் தாத்தா முதலில் ஒரு பிடி புழுதியைத் தூவிப் பார்ப்பார். பொழுது சாய்ந்தால் கரட்டின் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதனால் நம் வாடை மானுக்கு எட்டாமல் இருக்க, மான் தடத்துக்குக் கீழ்ப்புறம் உட்கார வேண்டும். விடிந்து வெயில் ஏறினால் காற்றும் மேலேறும். அப்போது மேட்டில்தான் இடம். நெல்லிக்காய் உதிரும் மாதத்தில் நெல்லி மரத்தடி, கோடையில் வற்றாத குட்டை என்று காட்டின் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காலப்போக்கில் மான் வேட்டை முழுவதும் குற்றமானது. நல்ல சட்டம். ஆனால் துப்பாக்கியோடு சேர்த்து அந்த அறிவையும் பரணில் போட்டு மூடிவிட்டோம்.

இன்று அதே அறிவுதான் தேவைப்படுகிறது. எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. தானியங்கி கேமராவை எந்த மரத்தில் கட்டுவது, உன்னிச்செடியை எங்கே வெட்டிப் புல்லுக்கு இடம் விடுவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது? எல்லாம் பழைய பரண்காரனின் கேள்விகள். லாரி போக வசதியான இடத்தில் தொட்டி கட்டினால் மான் சாலைக்குத்தான் வரும். தடம் போகும் இடத்தில் கட்ட வேண்டும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. தாத்தா காலத்து ராகிக் கொல்லைப் பரணில் மனிதன் விழித்திருந்தான். தகரம் தட்டி, தீப்பந்தம் காட்டி யானையை விரட்டினான். சில கொல்லைகளில் அந்த இடத்தில் இப்போது மின்கம்பி. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் மூன்று யானைகள் சட்டவிரோத மின்வேலியில் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. வேட்டைக்காரன் குறி பார்த்தே சுட்டான். கம்பிக்குக் குறி கிடையாது. யானை, மான், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதன் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

சோலார் வேலியில் மின்சாரம் கணநேரம் துடித்து நிற்கும். தொட்ட விலங்கு அதிர்ந்து விலகிவிடும். வீட்டு இணைப்பிலிருந்து நேரே இழுத்த கம்பி தொட்டதை விடாது. காட்டோரக் கொல்லைக்காரருக்கு முறையான வேலியும், விளைச்சல் அழிந்தால் தாமதமில்லாத இழப்பீடும் கிடைக்க வேண்டும். கூடவே, அறுவடை மாதங்களில் ஊர் இளைஞர்களுக்குக் கூலி கொடுத்துப் பரண் காவலில் உட்கார வைக்கலாம். எந்த மரத்தில் என்று சொல்லக் கூடிய பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.