வெள்ளி, நாஹித், வீனஸ்

கேள்வி: ‘பிளானெட்’, ‘ஸ்டார்’ என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன? பாரசீகர் கோள்களை எப்படி அழைக்கிறார்கள்?
(வாசகர் ஒருவர், பூநகரி)

பதில்: ‘பிளானெட்’ என்றால் கிரேக்கத்தில் ஊர்சுற்றி. மற்ற விண்மீன்கள் அணிவகுப்பு கலையாமல் நகர, ஐந்து மட்டும் இஷ்டப்படி திரிந்ததால் கிடைத்த பட்டம். ‘ஸ்டார்’, பாரசீகச் ‘செதாரே’ இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள்.

பாரசீகர் வெள்ளியில் நீர்த்தேவி அனாஹிதாவைக் குடியேற்றி ‘நாஹித்’ என்றார்கள். ரோமர் காதல்தேவி வீனஸை. தமிழர் நிறத்தைப் பார்த்தே வெள்ளி, செவ்வாய் என்று வைத்துவிட்டார்கள்.

சனி பாரசீகத்தில் ‘கேவான்’. பாபிலோனிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ‘நிலையானவர்’ என்று பொருள். சனியின் வடமொழிப் பெயருக்கோ ‘மெல்ல நடப்பவர்’. ஒரு சுற்றுக்கு 29½ ஆண்டு, ராசிக்குச் சுமார் 2½. மூன்று ராசி கடந்தால் ஏழரை. பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது!



விண்மீன் பெயர்களுக்கு, டிசம்பர் முன்னிரவில் உங்கள் ஊர்ச் சங்குப்பிட்டிப் பாலத்தில் நின்று கிழக்கே பாருங்கள். கொத்தாகத் தெரிவது கார்த்திகை. பாரசீகத்தில் ‘பர்வீன்’, பெண்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. பின்னாலேயே செம்மஞ்சளாக வருவது ரோகிணி. அரபியர் ‘அல்தபரான்’, அதாவது பின்தொடர்பவர் என்றார்கள். ஆங்கிலம் அதை ‘ஆல்டெபரான்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டது, கைமாற்றாக. திருப்பித் தரவே இல்லை.