எல்லாம் ஸ்கிரிப்ட்டுப்பா!

எங்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் ஒரு அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம். உங்கள் பஸ்ஸிலும், உங்கள் ஆபீஸிலும், உங்கள் மாமனார் வீட்டிலும் அவர் இருக்கிறார். இந்தத் திங்கட்கிழமை காலை ஏ ஷிஃப்ட்டுக்குப் பூந்தமல்லியில் ஏறி உட்கார்ந்தேன். முந்தின ராத்திரி பிக் பாஸில் எலிமினேட் ஆனவர் வாசலில் நின்று அழுததைப் பக்கத்து சீட்டுப் பையனிடம் மனம் உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து, தலையைக்கூடத் திருப்பாமல், அண்ணன் சொன்னார்: "எல்லாம் ஸ்கிரிப்ட்டுப்பா."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் ஒரகடம் வரை எரிந்துகொண்டே போனேன். இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் அண்ணன் பிக் பாஸ் பார்க்காதவர் இல்லை. எந்த வாரம் யார் கேப்டன், யார் யாரை நாமினேட் செய்தார், எந்தச் சண்டை சாம்பாரில் ஆரம்பித்தது, எல்லாம் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை வெளியேறப் போகிறவர் பெயரைச் சனிக்கிழமையே சொல்லிவிடுவார். செட்டுக்கு வண்டி ஓட்டும் யாரோ அவர் மச்சானுக்கு மச்சான். நம்பிக்கை இல்லாத சாமிக்குத் தினமும் தேங்காய் உடைத்துவிட்டு, "உள்ளே கல்லுதான்" என்று மற்றவர்களிடம் சொல்லும் பக்தர்.

எங்களுக்கு இதில் ஒரு சொந்தப் பாத்தியதை உண்டு. பிக் பாஸ் வீட்டு செட் செம்பரம்பாக்கத்தில், ஈவிபி ஃபிலிம் சிட்டிக்குள். எங்கள் பஸ் தினமும் பெங்களூர் ஹைவேயில் அதைத் தாண்டித்தான் போகிறது. தாண்டும்போது பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். காம்பவுண்டு சுவர்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு செல்போன் கிடையாது, வெளியே போக முடியாது, தலைக்கு மேல் கேமரா, குரல் வந்தால் எழுந்து ஓட வேண்டும். நாங்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு எங்கள் கேட்டுக்குப் போய், செல்போனை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்து, கார்டைத் தட்டி, கேமராவுக்குக் கீழே நின்று, சைரன் அடித்தால் கேன்டீனுக்கு ஓடுவோம். எங்களுக்கு டைட்டில் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். பிக் பாஸ் வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறி, போட்டியாளர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள் என்று செய்தி வந்தது. அண்ணன் அதற்கும் அசரவில்லை. "அதுவும் ஸ்கிரிப்ட்டுப்பா." ஏரிக்கு யார் வசனம் எழுதிக் கொடுத்தது என்று கேட்டேன். "உனக்குத் தெரியாது, விடு" என்றார்.

சரி, ஸ்கிரிப்ட் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன கெட்டுப்போயிற்று? இதற்கு என்னிடம் மூன்று பதில் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பதில்: ஸ்கிரிப்ட் எழுத ஆள் வைத்தால் காசு. இந்த ஆட்டத்தில் அந்தக் காசு மிச்சம். ஜான் டி மோல் என்பவர் கூட்டாளிகளோடு உருவாக்கி, 1999இல் நெதர்லாந்தில் ஆரம்பித்தது. இந்திக்கு 2006இல் வந்தது, தமிழுக்கு 2017 ஜூன் 25இல். ஏழு சீசன் கமல் நடத்தினார். 2024இல் எட்டாவதிலிருந்து விஜய் சேதுபதி. பத்துப் பதினைந்து பேரை உள்ளே விட்டுப் பூட்டி, மளிகைச் சாமானைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போதும், முட்டைக்கு அவர்களே அடித்துக்கொள்வார்கள். வசனகர்த்தா எதற்கு? வேலை முழுக்க கத்தரியில்தான். இருபத்துநாலு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக வெட்டும்போது, மீதி இருபத்திரண்டரை மணி நேரம் சும்மா இருந்த மனுஷன் நமக்குத் தெரிவதே இல்லை. அவன் கோபப்பட்ட ஒன்றரை நிமிஷம்தான் தெரிகிறது. பொய் சொன்னவரைப் பிடிக்க வாரக் கடைசியில் 'குறும்படம்' போடுகிறார்களே, அதுவும் வெட்டி எடுத்த துண்டுதான். ஆனாலும் நம் வீட்டுச் சண்டையில்கூட இப்போது "குறும்படம் போடட்டுமா?" என்றுதான் மிரட்டுகிறோம்.

ஸ்கிரிப்ட்டே இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? 2018இல் கலர்ஸ் தமிழில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' வந்தது. நடிகர் ஆர்யாவுக்குப் பெண் பார்க்கும் நிகழ்ச்சி, பதினாறு பெண்கள். வாரக்கணக்கில் ஊரே உட்கார்ந்து பெண் பார்த்தது. கடைசி நாள் அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, அவகாசம் கேட்டார். அடுத்த வருஷம் நடிகை சாயிஷாவைக் கல்யாணம் செய்துகொண்டார். தமிழ்நாட்டில் கதை எழுதுகிற எவனாவது கிளைமாக்ஸில் தாலி கட்டாமல் விடுவானா? அப்படி ஒரு முடிவை எழுதிக்கொண்டு போனால் புரொடியூசர் காபிகூட கொடுக்க மாட்டார்.

இரண்டாவது பதில். இதற்கு எங்கள் கம்பெனியில் நடக்கும் கஸ்டமர் ஆடிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சம்தான்.

நாங்கள் கார் கம்பெனிக்குப் பார்ட்ஸ் சப்ளை செய்கிறவர்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை பெரிய போர்டு மாட்டிய கம்பெனிகள் இருக்கின்றன. அந்த போர்டுகளுக்குப் பின்னால், சந்துகளில், எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். ஆடிட் என்று ஒரு மெயில் வரும். அந்த நிமிஷம் முதல் ஷாப் ஃப்ளோர் செட்டாக மாறும். முதலில் பெயிண்ட். தரையில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நடக்க வேண்டும் என்பது விதி. பெயிண்ட் காயவில்லை, அதனால் இரண்டு நாள் யாரும் அதற்குள் நடக்கக் கூடாது என்பது ஆர்டர். அப்புறம் துருப்பிடித்த ரேக்குகள். அவற்றை ஒரு டெம்போவில் ஏற்றி, வாலாஜாபாத் ரோட்டில் தெரிந்தவர் குடோனுக்கு அனுப்புவோம். கூடவே ரிஜெக்ட் ஆன பார்ட்ஸும் போகும். ஆடிட் முடிந்த மறுநாள் அதே டெம்போவில் திரும்பி வரும். டெம்போ டிரைவர், "என்ன சார், மறுபடி மாப்பிள்ளை வீட்டார் வராங்களா?" என்று கேட்பார்.

அடுத்து செக் ஷீட். தினமும் மெஷின் பக்கத்தில் நின்று நிரப்ப வேண்டியது. ஒரு மாதத்து ஷீட்டை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து நிரப்புவோம். அதில் கலை நுணுக்கம் உண்டு. ஒரே பேனாவில் எழுதக் கூடாது. மூன்று பேனா வேண்டும், நடுவில் ஒன்று சரியாக எழுதாத பேனாவாக இருக்க வேண்டும். எல்லா ரீடிங்கும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஓர் ஓரத்தில் எண்ணெய் விரல் ரேகை பதிய வேண்டும். அதற்கென்றே மெயின்டனன்ஸ் பையன் ஒருவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவருவோம். ஒருமுறை தீபாவளி லீவு நாளுக்கும் ரீடிங் எழுதிவிட்டு, விடியற்காலையில் அந்த ஷீட்டை டீயைக் கொட்டி அழித்தோம்.

பிறகு நடிகர் தேர்வு. யாரை எந்த மெஷினில் நிறுத்துவது? முகத்தில் பயம் தெரியாதவன் முன் வரிசை. "குவாலிட்டி பாலிசி என்ன?" என்றால் மூச்சு விடாமல் ஒப்பிப்பவன், ஆடிட்டர் நடந்து வரும் வழியில். உண்மையைச் சொல்லிவிடக்கூடிய பையன் எல்லா லைனிலும் ஒருவன் இருப்பான். அவனை அன்றைக்குப் பின்பக்கம் ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பிவிடுவோம். அப்படியும் ஒருமுறை ஆடிட்டர் வழி தவறி ஸ்கிராப் யார்டுக்கே போய், அவனிடம் "இந்த கிளவுஸ் எப்போது கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டார். "இப்பதான் சார், நீங்க கேட்டுக்குள்ள வந்தப்போ" என்றான்.

கேன்டீனில் அன்றைக்குப் பாயசம். பாத்ரூமில் சோப்பு. சோப்பைப் பார்த்ததும் கான்ட்ராக்ட் பையன்களுக்கு யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று புரிந்துவிடும், தலை சீவிக்கொள்வார்கள்.

ஆடிட்டர் வருவார். அவருக்கு இது எதுவும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவரும் எங்களைப் போன்ற கம்பெனியில் பேனா மாற்றி எழுதி மேலே வந்தவர்தான். ஈர பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறாமலா இருக்கும்? மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து, கேலிப்ரேஷன் ஸ்டிக்கரைப் பார்ப்பார். தலையாட்டுவார். கடைசியில் இரண்டு மைனர் குறை எழுதுவார். குறையே இல்லை என்றால் அவருடைய மேலதிகாரி நம்ப மாட்டார். அந்த இரண்டு குறை என்ன என்பதுகூட எங்களுக்கு முன்னமே தெரியும்; அவர் எழுதுவதற்கென்றே வைத்திருப்போம். பிறகு பொக்கே, கேட் முன்னால் குரூப் போட்டோ, எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ்.

இவ்வளவு பெரிய ப்ரொடக்‌ஷனை ராத்திரி பகலாக நின்று, வாக்கி டாக்கியில் "அந்தப் பையனை மறை, அந்த ரேக்கை மறை" என்று டைரக்ட் செய்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அண்ணன்தான். ஆடிட்டர் கை குலுக்கி "குட் ஜாப்" சொன்னபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது நிஜக் கண்ணீர். அதைப் பார்த்து நான் "எல்லாம் ஸ்கிரிப்ட்டுப்பா" என்று சொல்லவில்லை. எனக்கு நாகரிகம் உண்டு.

எங்கே விட்டேன்? இரண்டாவது பதில். அது என்னவென்று இப்போது பிடிபடவில்லை. மூன்றாவதுக்குப் போகிறேன்.

செட்டப் என்று தெரிந்தால் ஜனம் ஓடிவிடும் என்பது சும்மா. அமெரிக்காவில் 1989இல், மல்யுத்தம் என்ற பேரில் நாங்கள் நடத்துவது பொழுதுபோக்குதான் என்று மல்யுத்தக் கம்பெனிக்காரர்களே நியூ ஜெர்சி அரசிடம் போய் ஒத்துக்கொண்டார்கள். விளையாட்டு வாரியத்தின் கெடுபிடியிலிருந்து தப்பிக்க. கூட்டம் குறைந்ததா? நம் பையன்கள் இன்றைக்கும் மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் படம் போட்ட டி-ஷர்ட்டோடு திரிகிறார்கள்.

ஆனால் அதே அமெரிக்காவில் 1956இல் 'ட்வென்டி ஒன்' என்று ஒரு வினாடி வினா. ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவரைத் தெரிந்த கேள்விக்கே தப்பான விடை சொல்லித் தோற்கச் சொன்னார்கள். ஜெயித்தது சார்லஸ் வான் டோரன் என்ற அழகான கல்லூரி ஆசிரியர். விடைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதை 1959இல் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். மறு வருஷம் வினாடி வினாவில் தில்லுமுல்லு செய்வதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மல்யுத்தத்துக்குக் கோபப்படாத ஜனம் இதற்குக் கோபப்பட்டது. நியாயம்தான். அழுகையைச் செட்டப் செய்யலாம், போட்டியைச் செய்யக் கூடாது. பிக் பாஸுக்கு நாங்களும் கூகுளில் தேடி வோட்டுப் போட்டோம், மிஸ்டு கால் கொடுத்தோம், ஆப்பில் தட்டினோம். நைட் ஷிஃப்ட்டில் டீ டைமில் கேட்டுக்கு ஓடி, செக்யூரிட்டியிடம் கெஞ்சி போனை வாங்கித் தட்டினோம். சண்டையை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அந்த வோட்டுக் கணக்கு மட்டும் மூன்று பேனாவில் எழுதியதாக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அதே ஈவிபியில் 2020 பிப்ரவரி 19ஆம் தேதி ராத்திரி 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். பொய் வீடு கட்டுகிற இடத்தில்கூட இரும்பு நிஜமாகத்தான் விழுகிறது. எங்கள் பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும், விரல் தப்பும். சாதாரண நாளில் ஒரு பட்டனில் டேப் சுற்றியிருக்கும், ஒரு கையால் அமுக்கினால் ப்ரொடக்‌ஷன் வேகம். ஆடிட் அன்றைக்கு மட்டும் டேப்பை உரிப்பார்கள். பாயசம் பொய்யாக இருக்கட்டும், மஞ்சள் கோடு பொய்யாக இருக்கட்டும், எனக்குச் சம்மதம். அந்த டேப் இருக்கிறதே, அதுதான் அசல் ஸ்கிரிப்ட். அதைப் பற்றி எந்த அண்ணனும் பஸ்ஸில் வாயைத் திறப்பதில்லை.

ஆகவே வாசக அண்ணன்மார்களே, உங்கள் கம்பெனி பட்டனில் டேப் சுற்றியிருந்தால் அங்கே நின்று சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாம் ஸ்கிரிப்ட் என்று. ராத்திரி டிவி முன்னால் மட்டும் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எங்களுக்கு அவர்கள் சண்டை சரியாகக் கேட்கவில்லை.