பின்புறம் பத்திரம்

கோயம்புத்தூரில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரேஸ் கோர்ஸ் ஓரமாக நாலைந்து ஜீப் வகையறாக்கள் வரிசையாக நிற்கும். மற்றவர்கள் எல்லாம் பானட்டில் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் தன் வண்டிக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்து, டார்ச் அடித்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான்.

வண்டி மஹிந்திரா தார். 2020 அக்டோபர் 2-ஆம் தேதி புது தார் விற்பனைக்கு வந்ததுமே ஓடிப்போய் முன்பணம் கட்டியவர். வண்டி வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரம் காய்வதற்குள் முன்னால் ஒரு இரும்புக் கம்பி ஏற்றினார். அந்தக் கம்பி பாலக்காடு ரோட்டில் ஒரு வாகனச் சோதனையோடு கழன்றது. முன்பக்கத் தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்ததை அபராத ரசீதைப் பார்த்த பிறகுதான் அவர் அறிந்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். நம்மவர் யோசித்தார். "முன்னாடிதானுங்களே கூடாதுங்கறாங்க?" அன்றிலிருந்து அவருடைய கவனமெல்லாம் பின்னால். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறதே தவிர முன், பின் என்று பாரபட்சம் பார்ப்பதில்லை என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

கணபதி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கிரில் கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற இடம். அங்கே போய் வண்டியைத் திருப்பி நிறுத்துவார். பட்டறைக்காரர் சாந்தமான மனிதர், புகையிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்பார்.

"எத்தன எம்.எம். போடட்டுங்க?"

"நாலு."

"ரண்டே தாராளமுங்க. கேட்டுக்கே அதான் போடறோம்."

"கேட்டு மலை ஏறுமாங்க?"

பட்டறைக்காரர் வாயடைத்துப் போவார். 4 எம்.எம். தகட்டில் பம்பர். அதன் இரண்டு ஓரத்திலும் இழுவைக் கொக்கி. விளக்குகளுக்குக் கம்பிக் கூண்டு. சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இரண்டு மூலைக்கும் பஸ் படிக்கட்டில் பார்க்கிறோமே, மேடு மேடாக, அந்த அலுமினியச் செக்கர் பிளேட்டை வெட்டி வளைத்து ரிவெட். ஸ்டெப்னியைக் கதவிலிருந்து கழற்றி, பம்பரில் பொருத்திய, பக்கவாட்டில் திறக்கிற ஒரு தனிக் கையில் மாட்டியாயிற்று. மேலே கறுப்புப் பவுடர் கோட்டிங்.

இப்போது கணக்குக்கு வருவோம். தார் வண்டியின் பின்பக்கம் தரை தட்டாமல் இறங்கக்கூடிய சரிவுக் கோணம் கம்பெனிக் கணக்கில் 36.8 டிகிரி. பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் பின்கோடியில் ஆகத் தாழ்ந்து நிற்கிற பாகத்துக்கு ஒரு கோடு இழுத்தால் கிடைக்கிற கோணம் அது. நம்மவருக்கு இது தூக்கத்திலும் மனப்பாடம். தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்பதெல்லாம்கூட. மனப்பாடம் இருந்தென்ன, புது பம்பர் பழையதைவிடத் தாழ்ந்து தொங்குகிறது, கோணம் குறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தது பட்டறைக்காரர், கோணமானி இல்லாமல், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து.

"பள்ளத்துல இறங்குனா மொதல்ல இதுதானுங்க தட்டும்."

"தட்டட்டுமுங்க. அதுக்குத்தானே போடறது!"

இந்தப் பதிலில் ஒரு வேதாந்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தட்டாமல் இருந்த இடத்தில் தட்டுவதற்கென்றே ஒன்றை மாட்டி, தட்டினால் அது தாங்கும் என்று நிம்மதி கொள்வது. நம்மூர்க் கல்யாணச் செலவுகள் பலவும் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன.

ரிவர்ஸ் கியர் போட்டால் இன்னொரு வேடிக்கை. 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்க சென்சார் கட்டாயம். அந்த சென்சாருக்கு முன்னால் இவர் இரும்பை நிறுத்திவிட்டார். கியர் போட்ட மாத்திரத்தில் அது பீப் பீப்பென்று அலறுகிறது. பின்னால் மைதானமே இருந்தாலும் சுவர் இருப்பதாகச் சாதிக்கிறது. முதலில் அதை அணைத்தார். பிறகு நிஜச் சுவர் வந்தது.

வீட்டம்மா படுகிற பாடு தனி. சிங்காநல்லூர் உழவர் சந்தையில் இரண்டு கையிலும் பையோடு வந்து நிற்பார். ஸ்டெப்னிக் கையின் தாழ்ப்பாளை விடுவித்து, அதை ஒரு பக்கம் தள்ளி, கதவைப் பக்கவாட்டில் இழுத்து, கண்ணாடியை மேலே தூக்கி, ஒரு கட்டுக் கீரையை உள்ளே வைக்க வேண்டும். "ஏனுங்க, இதுக்கு நான் டவுன் பஸ்சுலயே வந்திருப்பேனுங்க" என்பார். நம்மவர் காதில் விழாது. தாழ்ப்பாளுக்குக் கிரீஸ் போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எதற்காக இவ்வளவு பத்திரம் என்று கேட்டுப் பாருங்கள். பாறை என்பார். உருண்டு வரும் மரம் என்பார். ஆனைகட்டிப் பக்கம் யானை பின்னாலிருந்து முட்டினால் என்ன செய்வீர்கள் என்று உங்களையே திருப்பிக் கேட்பார். யானை முட்ட நினைத்தால் தகடு எத்தனை எம்.எம். என்று விசாரிக்குமா என்று நானும் ஒருமுறை கேட்டேன். பதில் வரவில்லை. கடைசியில் முட்டியது யானைதான், குட்டியானை. தக்காளிக் கூடை ஏற்றி வந்த குட்டியானை ஒன்று லாலி ரோடு சிக்னலில் பின்னால் வந்து லேசாக இடித்தது. பம்பரில் ஒரு கீறல் இல்லை. நம்மவர் நடுரோட்டில் இறங்கி, எல்லாரும் பார்க்கும்படி அதைத் தடவிக் கொடுத்தார். மறுவாரம் பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சேஸிஸில் போல்ட் முடுக்கிய தாங்கி வளைந்திருக்கிறது என்றார். கம்பெனி பம்பர் என்றால் பிளாஸ்டிக், தான் உடைந்து அடியை வாங்கிக்கொண்டிருக்கும். இந்த இரும்பு உடையாது. வாங்கியதை அப்படியே சேஸிஸுக்கு அனுப்பிவிடும்.

செக்கர் பிளேட் விவகாரம் இதைவிட மௌனமாக நடக்கிறது. அலுமினியத் தகட்டுக்கும் இரும்புப் பாடிக்கும் நடுவில் மழைத் தண்ணீரும் சேறும் புகுந்தால் வெளியே வர வழியில்லை. நடுவில் காயாத ஈரம், ரிவெட் அடித்த துளைகளில் பெயின்ட்டும் இல்லை. தகடு பளபளக்க, உள்ளே பாடி துருப்பிடிக்கும். ரப்பர் வைத்து, துளைக்குப் பிரைமர் அடித்துப் பொருத்தியிருந்தால் இவ்வளவு வராது. அதற்கு அரைநாள் கூடப் பிடிக்கும் என்றார் பட்டறைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸுக்கு நேரமாகிவிடும் என்றார் இவர்.

மலைக்கே போனதில்லை என்று சொன்னால் பாவம். கொழுக்குமலைக்குப் போனார். சூரியநெல்லியில் தடுத்துவிட்டார்கள். மேலே வெளிவண்டிக்கு அனுமதியில்லை, உள்ளூர் ஜீப்தான். நாலு எம்.எம். பம்பரைக் கீழே நிறுத்திவிட்டு, பழைய மஹிந்திரா ஜீப்பில் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஜீப்பின் பின்பக்கம் ஒரு மூலை நசுங்கியிருந்தது, மறு மூலை கயிற்றில் நின்றது. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் போனுமாக, சட்டி அளவுக் கற்களின் மேல் வண்டியை நடத்திக்கொண்டுபோய் விடிவதற்குள் உச்சியில் விட்டார். எல்லாரும் சூரியனைப் பார்த்தார்கள். இவர் குனிந்து ஜீப்பின் பின்னால் பார்த்தார்.

"ஏனுங், இதுக்கு ஒரு கார்டு போட்டா நல்லா இருக்குமுங்களே?"

"எதுக்கு சார்? வண்டி முன்னாலதானே போகுது" என்றார் டிரைவர்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை சிக்னலில் உங்களுக்கு முன்னால் கறுப்புக் கூண்டு போட்ட தார் நின்றால் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். அதன் சென்சார் அணைந்திருக்கிறது, பிளாஸ்டிக் உங்கள் பக்கம் இருக்கிறது.